அக்காவின் ரத்தம்

அக்கா முதன்முறையாக ரத்த வாந்தி எடுத்த காலையில் சம்மட்டி ஒரு பழைய துணிக்கடையின் மாடிப்படியை உடைத்துக்கொண்டிருந்தான். கட்டடம் இடிப்பதுதான் அவன் தொழில். இயந்திரம் நுழைய முடியாத சந்துகளுக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் தூக்கும் சம்மட்டியை ஒருவனாக ஓங்குவான் என்பதற்காக, கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. நாளடைவில் ஊருக்கெல்லாம் அவன் சம்மட்டியாகிவிட்டான். அக்காவுக்கு மட்டும் அவன் எப்போதும் "டேய்"தான்.

மாமாதான் போனில் கூப்பிட்டார். அக்காவின் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அன்றைக்கும் அவர் குரல் உயரவில்லை.

"அக்கா வாந்தி எடுக்கிறா. ரத்தமா வருது. வந்துடு."

தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு ஓடினான். சமையலறைத் தரை சிவப்பாக இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில், சுவரில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எல்லாம் தெறித்திருந்தது. மாமா தரையில் உட்கார்ந்து அவளைப் பின்னாலிருந்து தாங்கியிருந்தார். அவருடைய சட்டை மார்புவரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அக்கா கண்ணைத் திறந்து தம்பியின் காலைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாடா," என்றாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ரத்தம்தான் வந்தது.

அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினான். அவன் முதுகு வழியாகச் சூடாக வழிந்தது. எத்தனையோ சுவர்களை இடித்தவன், ஆட்கள் மேலே செங்கல் விழுந்து மண்டை பிளந்ததைப் பார்த்தவன். ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு படியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். அப்பா அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, அடித்துப் படிக்கவைத்து, படிக்க மாட்டான் என்று தெரிந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்பியவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாயை விட்டு, உணவுக்குழாயில் வெடித்திருந்த ரத்தக் குழாய்களைக் கட்டினார்கள். ரத்தம் நின்றது. ஆனால் கல்லீரல் சுருங்கிக் கல்லாகிவிட்டது என்றார்கள். எப்போதோ வந்து, வந்ததே தெரியாமல் போன மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளேயே இருந்து தின்றிருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவள்.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்யும் பெரிய சர்ஜன் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். ஒல்லியான மனிதர். பேசும்போது விரல்களால் மேசையில் படம் வரைந்துகொண்டே பேசுவார்.

"ரத்தம் உறையறதுக்கான சரக்கு எல்லாத்தையும் கல்லீரல்தான் செய்யுது. இவங்களுக்கு அது செய்யறதில்ல. வேற கல்லீரல் வைக்கணும். உயிரோட இருக்கிற ஒருத்தரோட கல்லீரல்ல பாதியை வெட்டி வைக்கலாம். ரெண்டு பேருக்குமே அது வளர்ந்துக்கும்."

"என்னுதை எடுத்துக்கோங்க," என்றான் சம்மட்டி. யோசிக்கவே இல்லை.

சோதனை செய்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. படுத்துக்கிடந்த அக்கா இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உனக்கு வாயிலதான் கொழுப்புன்னு நெனச்சேன். ஈரல் வரைக்கும் இறங்கிடுச்சா?"

அவனும் சிரித்தான். வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஓங்கிக் குத்தினான். முட்டித்தோல் உரிந்தது. மாமாவின் கல்லீரல் பொருந்தியது. "எனக்குக் கொழுப்பு கம்மி, அதான் உங்க அக்காகிட்ட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ண முடிஞ்சுது," என்று மாமா சொன்னார். அவர் சொன்ன ஒரே பெரிய ஜோக் அதுவாகத்தான் இருக்கும்.

அறுவை சிகிச்சை நாளன்று விடியும்போதே மாமாவை உள்ளே கொண்டுபோனார்கள். அவரை அறுத்தது இன்னொரு சர்ஜன், ஒரு பெண். குட்டை முடியும் கனத்த கண்ணாடியுமாக இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். பக்கத்து அறையில் பெரிய சர்ஜன் அக்காவைத் திறந்தார். திறந்த இடமெல்லாம் ரத்தம். கத்தி பட்ட இடம் மட்டுமல்ல, தொட்ட இடமெல்லாம் கசிந்தது. பஞ்சை எடுத்தால் கொட்டியது, வைத்தால் ஊறியது. உறிஞ்சும் குழாய் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. தரையில் விரித்த துணி சர்ஜனின் காலுக்குக் கீழே சதசதத்தது.

நடுவில் ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். "ரத்தம் நிக்க மாட்டேங்குது. இன்னும் ஆள் வேணும்."

சம்மட்டி தன் கூட்டத்தையே இறக்கினான். இடித்த கட்டடத்திலிருந்து அப்படியே வந்த ஆட்கள், தூசியும் வியர்வையுமாக ரத்த வங்கியின் முன்னால் வரிசையில் நின்றார்கள். "பாதி ஊர் ரத்தம் இப்ப உன் அக்கா உடம்புல," என்றான் ஒருத்தன். மாலையில் பெரிய சர்ஜன் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்து, முடிந்தது என்றார். சம்மட்டி அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அக்கா மறுநாள் கண் விழித்தாள். அவளுடைய கண்ணின் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே நின்ற தம்பியைப் பார்த்து, முடியை வெட்டு என்று சைகை காட்டினாள். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் பெரிய சர்ஜன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

சின்ன அறை. மேசை, திரை ஒன்று, நோயாளி உட்கார ஓர் இரும்பு முக்காலி. சர்ஜனின் முகம் தூங்காத முகம்.

"புதுக் கல்லீரலுக்குப் போற தமனியில ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு," என்று திரையைக் காட்டினார். "இந்த இடத்துல ஓட்டமே இல்ல பாருங்க. உடனே திறந்து கட்டியை எடுக்கணும். இல்லைன்னா கல்லீரல் செத்துடும்."

சம்மட்டிக்குப் புரியவில்லை. புரியாததைவிட, ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றியது.

"ரத்தம் உறைய மாட்டேங்குதுன்னீங்க."

"ஆமா. அப்ப."

"எங்க ஆளுங்க ரத்தத்தைப் பூரா எடுத்து ஊத்துனீங்க. இப்ப உறைஞ்சுபோச்சுங்கிறீங்க. எதுங்க உண்மை?"

"ரெண்டும் உண்மைதான். பழைய ஈரல் போய்ப் புதுசு வந்ததும் உடம்பு தடுமாறும். உறையவைக்கிறதும் உறையாமத் தடுக்கிறதும் ஒண்ணா ஏறாது. முன்ன பின்ன ஆகும். அதுலயும் நாங்க தைச்ச தமனி ரொம்பச் சின்னது. சில பேருக்கு இப்படி ஆகும். இதை முன்னாடியே சொன்னேன் உங்ககிட்ட."

சொல்லித்தான் இருந்தார். சம்மட்டியின் காதில் அன்றைக்கு ஏறவில்லை. இப்போது அவன் காதில் ஏறியது ஒரே ஒரு சொல்: தைச்சது.

"நீங்க தைச்சதுதான் அடைச்சிருக்கு. அப்படித்தானே?"

"அப்படிச் சொல்ல முடியாது. பேசிக்கிட்டிருக்க நேரம் இல்ல, கையெழுத்து..."

சர்ஜன் பேசியபடியே வலது கையை மேசைமேல் ஊன்றி எழுந்தார். சம்மட்டி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான். ஓங்கியதும் இறக்கியதும் ஒரே வீச்சு. சுவர் இடிக்கும் வீச்சு. முக்காலியின் விளிம்பு கையின்மேல் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. சர்ஜன் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மேசைமேல் சரிந்தார். சம்மட்டி அவரைச் சட்டையோடு பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். திரை கீழே விழுந்து சிதறியது. இரண்டாம் முறை மோதும்போது அவர் பின்மண்டையிலிருந்து ரத்தம் சுவரில் கோடு போட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வார்டு ஆட்களில் ஒருவனுக்கு முழங்கையால் ஒன்று விட்டான். அவன் மூக்கு உடைந்தது. கடைசியில் நான்கைந்து பேர் சேர்ந்து அவனைத் தரையில் கவிழ்த்து, முதுகில் முட்டி வைத்து அழுத்தினார்கள். எவனோ காதில் உதைத்தான். எவனோ விலாவில் உதைத்தான். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, சர்ஜன் சுவரோரம் உட்கார்ந்து தன் வலது கையை இடது கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்கவேண்டிய திசையில் இல்லை. ஓர் எலும்பின் வெள்ளை தெரிந்தது.

நடைபாதையில் டாக்டர்களும் நர்ஸுகளும் கூடிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் உரக்கச் சொன்னார்: "போலீஸ் வரட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம். இவங்க ஆளுங்களுக்கு நான் மருந்து ஏத்த மாட்டேன்." பல தலைகள் ஆமோதித்து ஆடின.

பெரிய சர்ஜனின் கையை ஒரு நர்ஸ் ஐஸில் புதைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பேச மூச்சு போதவில்லை.

"அந்தம்மா என்னை அடிக்கலையே," என்றார். "தியேட்டரைத் திறங்க."

"யார் செய்யறது சார்? தமனி தைக்கிறது நீங்கதான்."

அவர் பெண் சர்ஜனைப் பார்த்தார். அவள் சம்மட்டியைப் பார்த்தாள். அவன் முகம் தரையில் அழுந்தியிருந்தது. அவள் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"உங்க அக்கா பிழைக்கணும்னு நெனச்சுத்தான் இதைச் செஞ்சீங்களா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் இந்தத் தமனியைத் தைச்சது ரொம்பக் கம்மி. அவர் அளவுக்கு எனக்கு வராது. தெரிஞ்சுக்கோங்க." எழுந்து போனாள். மயக்க மருந்து டாக்டர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனார்.

அக்காவுக்குப் பதிலாக மாமாதான் சம்மதம் தரவேண்டும். வயிற்றைக் குறுக்கே வெட்டித் தைத்திருந்த அவரால் இருமவே முடியாது. படுக்கையில் தலையை உயர்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"போலீஸ் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அவனை இங்க கொண்டாங்க," என்றார்.

இரண்டு காவலாளிகள் கையைப் பின்னால் முறுக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சம்மட்டியின் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மாமா அவனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்தக் கையை உடைச்ச?"

"வலது கை மாமா."

"என் வயித்துல இருந்து பாதியை எடுத்து அவளுக்கு வெச்சாங்க. அது இப்ப உள்ள செத்துக்கிட்டிருக்கு. அதைக் காப்பாத்துற கையை நீ உடைச்சிருக்க."

"மாமா, அவங்க நம்மளை..."

பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தண்ணீர்க் கூஜாவை எடுத்து மாமா எறிந்தார். வாழ்நாளில் யார்மேலும் எதையும் எறியாதவர். அது சம்மட்டியின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. எறிந்த வேகத்தில் தையல் இழுத்து, மாமா ஒரு மிருகம்போல முனகிக்கொண்டு சுருண்டார். வயிற்றுக் கட்டில் சிவப்பு பரவியது. நர்ஸ் ஓடிவந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க," என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. "இவனை நான் பாக்கக் கூடாது."

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அக்காவுக்கு அரை நினைவு இருந்தது. "என் தம்பி எங்க?" என்று கேட்டாள். "வெளிய இருக்கார்," என்றாள் பெண் சர்ஜன். அது பொய்யில்லை. அந்த நேரத்தில் அவனை வாசலில் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வயிற்றைத் திறந்தபோது புதுக் கல்லீரல் வெளிறி, இடையிடையே தவிட்டு நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. பெரிய சர்ஜன் கையில் கட்டோடு, தலையில் தையலோடு, பெண் சர்ஜனுக்கு எதிரே நின்றார். வேண்டாம் என்று சொன்னவர்களை அவர் பார்க்கவே இல்லை. வலி ஊசி போட்டுக்கொள்ளவும் மறுத்துவிட்டார், தலை சுற்றும் என்று. இடது கையில் கல்லீரலை ஏந்தி உயர்த்திப் பிடித்தார். பெண் சர்ஜன் பழைய தையலை வெட்டி, தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு இழுத்தாள். கருஞ்சிவப்பில் மண்புழுபோல ஒன்று நீளமாக வந்தது. அதன் பின்னால் இன்னொரு துண்டு. பிறகு தமனியின் வாயிலிருந்து பளீரென்று ரத்தம் பீறிட்டு அவள் கண்ணாடியில் அடித்தது.

"வந்துடுச்சு," என்றார் அவர்.

அவள் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிவிட்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க ஆரம்பித்தாள். முதல் தையல் கிழிந்தது. அவள் கை நின்றது. அவர் கல்லீரலைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார். அவள் மறுபடி தைத்தாள். தமனியை இறுக்கி மூடியிருந்த கிடுக்கியை எடுத்ததும் கல்லீரலின் ஓரத்தில் சிவப்பு ஏறத் தொடங்கி, மெதுவாக நடுவரைக்கும் பரவியது. ஒரு மூலை மட்டும் கடைசிவரை நிறம் மாறவில்லை.

போலீஸ் நிலையத்தில் சம்மட்டியைச் சட்டையைக் கழற்றவைத்து அடித்தார்கள். "டாக்டர் கையை உடைக்கிற கை எது?" என்று கேட்டு, நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் லத்தியால் அடித்தார்கள். அவன் நீட்டினான். இழுக்கவில்லை. அடித்தவனுக்குத்தான் தோள் வலித்தது. வாக்குமூலத்தில், மேசையைத்தான் அடித்தேன், கை குறுக்கே வந்துவிட்டது என்று சொன்னான்.

அக்காவுக்கு மறுபடி உறையாமல் இருக்க மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தே மறுநாள் எமனாக வந்தது. வயிற்றுக்குள் கசிந்து, வயிறு பானையாக வீங்கி, ரத்த அழுத்தம் விழுந்தது. மூன்றாம் முறையாகத் திறந்து, உள்ளே தேங்கியதையெல்லாம் கையால் அள்ளி வெளியே போட்டார்கள். மறுபடி ரத்தம் தேவைப்பட்டது. இடிக்கும் ஆட்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரப் பயந்தார்கள். வாசலில் அவர்களைப் பார்த்ததும் காவலாளிகள் கம்பைத் தூக்கினார்கள். மூக்கு உடைந்த வார்டு ஆள், முகத்தில் பிளாஸ்திரியோடு, "உள்ள விடுங்க, ரத்தம் குடுக்க வந்திருக்காங்க," என்று சொன்ன பிறகுதான் வழி கிடைத்தது.

பல நாள் அக்கா இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் கிடந்தாள். உறையவிட்டால் தமனி அடைக்கும், உறையாமல் வைத்தால் வயிறு நிறையும். பெண் சர்ஜன் வீட்டுக்குப் போகாமல் மருந்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். பெரிய சர்ஜனின் விரல்களில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் தினமும் வந்து படுக்கையருகில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் காலை அக்கா கண்ணைத் திறந்து, கையில் என்ன கட்டு, என்ன ஆயிற்று என்று அவரிடமே கேட்டாள்.

"விபத்து," என்றார் அவர். மாமாதான் பிறகு உண்மையைச் சொன்னார். அதைக் கேட்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் பிழைத்தாள். நிறம் மாறாத அந்த மூலை செத்து, சீழ் பிடித்து, குழாய் வைத்து எடுக்கவேண்டி வந்தது. பித்தநீர்க் குழாய் சுருங்கி, அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. ஆனாலும் நடந்தாள், மாமாவைத் திட்டினாள். பெரிய சர்ஜனின் ஆள்காட்டி விரல் முழுதாக மடங்கவே இல்லை. மற்ற அறுவை எல்லாம் செய்தார். தமனி தைப்பதை மட்டும் பெண் சர்ஜனிடம் விட்டுவிட்டார். வழக்கைத் திரும்பப் பெறும்படி மாமா போய்க் கேட்டபோது அவர் மறுத்தார்.

"அவர்மேல எனக்குக் கோபம் போயிடுச்சான்னு கேட்டா, போகலை. போனாலும் வாபஸ் வாங்க மாட்டேன். இதைப் பாத்துட்டு நாளைக்கு வேறொருத்தன் இன்னொரு டாக்டர் மேல கை வைப்பான்."

மாமா தலையாட்டிவிட்டு எழுந்தார். அது அவருக்கும் சரியாகத்தான் பட்டது.

நீதிமன்றத்தில் வக்கீல் சொல்லிக்கொடுத்ததை சம்மட்டி சொல்லவில்லை. "கையைப் பாத்துத்தான் அடிச்சேன்," என்றான். "எங்க அடிச்சா அவருக்கு வலிக்கும்னு தெரிஞ்சு அடிச்சேன்." வக்கீல் கோப்பை மூடி வைத்தார். அவன் சிறைக்குப் போனான். அக்கா ஒருமுறைகூடப் பார்க்கப் போகவில்லை. மாமா போனார். எதிரெதிரே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நடந்ததை இரண்டொரு வார்த்தையில் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்.

விடுதலையான அன்று அவன் நேராக அக்கா வீட்டுக்கு வந்து கதவுக்கு வெளியே நின்றான். அவள் திறந்தாள். இளைத்துப்போயிருந்தாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. பளாரென்று அறைந்தாள். இன்னொரு கன்னத்திலும். பழைய பலம் இல்லை. அறைந்த களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அந்த மனுசன் தினமும் வந்து என்னைப் பாத்துட்டுப் போனார்டா. கட்டுப் போட்ட கையோட."

"தெரியும்க்கா. மாமா சொன்னார்."

"போய்க் குளி. நாறுது."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போனவன் அவன்தான். மாமாவுக்கு வேன் ஓட்டவேண்டியிருந்தது. வெளிநோயாளிகள் வரிசையில் அக்கா உட்கார்ந்திருக்க, அவன் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடைபாதையில் திரும்பினான். எதிரே பெரிய சர்ஜன் இரண்டு மாணவர்களோடு பேசிக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சிறையில் அவன் பலமுறை சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தைகள் இருந்தன. அவன் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தான்.

சர்ஜன் அவனைப் பார்த்தார். பேச்சு அறுந்தது. வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. உடம்பு சுவரோடு ஒட்டியது. முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டு நிமிர்ந்தார், அவனுக்குத் தலையைக்கூட அசைத்தார். ஆனால் சம்மட்டி பார்த்துவிட்டான். அடித்ததற்கு அவனைத் திட்டியவர்கள் உண்டு, உதைத்தவர்கள் உண்டு. தன்னைக் கண்டு ஒரு மனிதன் அப்படிச் சுவரில் ஒட்டிக்கொண்டதை அவன் அதுவரை பார்த்ததில்லை. சொல்ல வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லக் கிட்டே போகவேண்டும். கிட்டே போக முடியாது. தண்ணீர்ப் பாட்டிலை அங்கிருந்த நர்ஸிடம் கொடுத்து, அக்காவைக் காட்டிவிட்டு, வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வான். ஒருநாள் மழை தூறியது. அக்கா சீட்டைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள்.

"உள்ள வந்து உக்காந்தா என்ன? நனைஞ்சு நிக்கிற."

"வேண்டாம்க்கா. அவர் நிம்மதியா வேலை பாக்கட்டும்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் சரியான பதத்தில் இருப்பதாக டாக்டரம்மா சொன்னாள் என்றாள். இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.